அப்பாவுக்கு வெளிச்சம் காட்டுகிற பையன்

ஓவிய வாத்தியார் பதில்கள்

கேள்வி: எங்கள் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்தோசீனா, அல்ஜீரியா என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த படம் ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. முன்வழுக்கையும் தாடியுமாக ஒருவர் குனிந்து மரத்தில் துளை போடுகிறார். எதிரே ஒரு பையன் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மற்றதெல்லாம் இருட்டு. அடியில் பிரெஞ்சில் 'லூவ்ர்' என்று அச்சடித்திருக்கிறது. தாத்தா அதைச் சூசையப்பர் படம் என்பார். அம்மா ஒப்புக்கொள்வதில்லை. "ஒளிவட்டம் இல்லை, கையில் லீலி மலர் இல்லை, இது எப்படிச் சாமி படம் ஆகும்?" என்கிறார். வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது கழற்றியது, இன்னும் சுவருக்குத் திரும்பவில்லை. யார் சொல்வது சரி? (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: தாத்தா சொன்னதுதான் சரி. இயேசுவை வளர்த்த தகப்பன் சூசையப்பரேதான். படத்தின் பெயரே 'தச்சர் புனித சூசையப்பர்'. வரைந்தவர் ஜார்ஜ் த லா தூர். 1640களில் வரைந்தது, 1642 வாக்கில் என்பார்கள். அசல் பாரிசில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாலரை அடி உயரம், மூன்றே கால் அடிக்குச் சற்றுக் கூடுதலான அகலம், கித்தானில் எண்ணெய் வண்ணம். எதிரே இருக்கிற பையன் சிறுவன் இயேசு என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா கேட்டதையும் தட்டிவிட முடியாது. நம் ஊர்க் கோயில் வாசல் கடைகளில் தொங்கும் சூசையப்பரைப் பார்த்துப் பழகிய கண் அது. அவருக்கு மடிப்புக் கலையாத அங்கி, ரோஜா நிறக் கன்னம், ஒரு கையில் லீலி, மறு கையில் குழந்தை, தலைக்குப் பின்னால் தட்டு மாதிரி ஒரு ஒளிவட்டம். அந்தச் சூசையப்பர் இழைப்புளியைத் தொட்ட மனிதராகவே தெரியமாட்டார். தச்சன் மகன் நான், எனக்கு அந்த வருத்தம் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அம்மாவை ஒன்று செய்யச் சொல்லுங்கள். படத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்று அந்தப் பையனின் கைகளை மட்டும் பார்க்கட்டும். ஒரு கையில் மெழுகுவர்த்தி. சுடர் காற்றில் ஆடாமலிருக்க இன்னொரு கையை அணைவாகப் பிடித்திருக்கிறான். அந்த விரல்களுக்குள் வெளிச்சம் புகுந்து, சதை சிவந்து, விரல் ஓரமெல்லாம் கனிந்த பழம்போல ஆகிவிட்டிருக்கிறது. அங்கிருந்து கண்ணை மேலே கொண்டுபோனால் பையனின் முகம். படத்திலேயே அதிக வெளிச்சம் அதில்தான். சூசையப்பருக்குக் கிடைப்பது அதில் மிச்சம்: நெற்றிச் சுருக்கம், தாடி, மேல்கை. ஒளிவட்டத்தைத் தலைக்குப் பின்னாலிருந்து கழற்றி அந்தக் கைக்குள் வைத்துவிட்டார் லா தூர் என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேன். அம்மாவுக்கும் அதுதான் பதில்.

ஒளிவட்டம் போடத் தெரியாமல் விட்டவரும் அல்ல அவர். அந்தக் காலத்துக்குச் சற்று முன்னால், 1563இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் கோயில் படங்களைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. பாமர மக்களுக்குப் போதிக்கப் படம் வேண்டும், படத்தைப் பார்க்கிறவர் மனம் இளக வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குப் பின் வந்த ஓவியர்கள் சிலர், புனிதர்களை மேகத்திலிருந்து இறக்கித் தெருவுக்கும் பட்டறைக்கும் கொண்டுவந்தார்கள். இத்தாலியில் கரவாஜோ அழுக்குக் காலோடு யாத்ரீகர்களை வரைந்தார். கும்மிருட்டுக்குள் ஒரே ஒரு வெளிச்சத்தைப் பாய்ச்சுகிற வித்தையும் அவரிடமிருந்து பரவியதுதான். லா தூர் அதை எடுத்துச் சத்தம் குறைத்துவிட்டார். கரவாஜோ படத்தில் யாராவது கத்துவார்கள், கத்தி எடுப்பார்கள். லா தூர் படத்தில் திரி எரிகிற சத்தம்தான் கேட்கும்.

சூசையப்பருக்கே அப்போதுதான் நல்ல காலம் பிறந்தது. அதற்கு முந்தைய பல படங்களில் பாலன் பிறந்த குடிலில் ஒரு மூலையில் தூங்கி வழிகிற கிழவராக இருப்பார் பாவம். ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரசம்மாள் 1562இல் தொடங்கிய தம் முதல் மடத்தை அவர் பெயரில் வைத்தார். அந்தப் பக்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. மூலையில் கிடந்தவர் படத்தின் நடுவுக்கு வந்தார்.

இனி என் சொந்தக் கதை. வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாண்டலாம்.

அப்பாவுக்கு நெல்லித்தோப்பில் பட்டறை. கதவு, நிலை, ஜன்னல் வேலை. மறுநாள் காலையில் ஒரு நிலைவாசலைக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும் என்றிருந்த ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. எனக்கு ஒன்பது வயது. அரிக்கேன் விளக்கைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார். விளக்குப் பிடிக்கிற பையன்கள் எல்லோரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். அப்பாவைப் பார்க்கும் ஆசையில் வெளிச்சத்தை அவர் முகத்துக்குக் காட்டினேன். "மூஞ்சிக்குக் காட்டாதடா, வேலைக்குக் காட்டு" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு கொசு கடித்தது. கை அசைந்தது, நிழல் புரண்டது, துரப்பணம் கோணலாக இறங்கிவிட்டது. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஓட்டையில் ஒரு தேக்குக் குச்சியைச் சீவி அடித்து, தலையை அறுத்து, உளியால் மட்டம் பண்ணிவிட்டு, ஒரு விரற்கடை தள்ளிப் புதிதாய்த் துளைத்தார். அந்த நிலை துய்மா வீதியில் ஒரு வீட்டில் இன்னும் நிற்கிறது. வீட்டுக்காரர் எத்தனை தடவை வார்னிஷ் அடித்தாலும் அந்தக் குச்சி மட்டும் ஒரு காசு அளவுக்கு வட்டமாக வேறு நிறத்தில் தெரியும். அந்தப் பக்கம் போனால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

அதனால்தான் இந்தப் படத்தை முதன்முதலில் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் பார்த்தபோது ஓவியமாக அல்ல, வேலையாகத்தான் பார்த்தேன். வேலை சரியாக இருக்கிறது. குறுக்குக் கைப்பிடி போட்ட, இரண்டு கையாலும் திருகித் துளைக்கிற கருவி. நம் பக்கத்துக் கயிறு இழுக்கும் துரப்பணம் போல அல்ல, உடம்பின் பாரத்தை அதன் மேல் இறக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த மனிதர் அப்படி வளைந்திருக்கிறார், தோள் அப்படி இறுகியிருக்கிறது. ஓவியக்கூடத்தில் கற்பனையாக நிற்கவைத்து வரைந்தால் இது வராது. லா தூர் ரொட்டி சுடுகிறவரின் மகன். உடம்பை வருத்தி வேலை செய்கிறவர்களைக் கிட்டத்தில் பார்த்து வளர்ந்தவர்.

ஒன்றுதான் இடித்தது. துளை போடுகிறவன் மரத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டான். நிழல் புரண்டதற்கே துளை கோணலானதை மேலே சொன்னேன். லா தூரின் சூசையப்பர் எடுக்கிறார். குனிந்த தலையிலிருந்து கண் மட்டும் நிமிர்ந்து பையனிடம் போகிறது. கண்ணில் வெளிச்சம் ஈரம்போல மின்னுகிறது. இவ்வளவு வேலை தெரிந்த ஓவியர் அதைத் தெரியாமல் செய்திருக்கமாட்டார். கீழே கிடக்கிற அந்தக் கனத்த மரத்தைப் பாருங்கள். அது சிலுவைக்கு முன்னறிவிப்பு என்றுதான் காலங்காலமாகப் பொருள் சொல்கிறார்கள். தன் கையால் தான் துளைக்கிற மரம் எதற்கு என்று அந்தத் தகப்பனுக்கு ஒரு கணம் பட்டுவிட்டதோ என்னவோ. பையனுக்கு அந்தக் கவலை ஏதுமில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் படத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தரையில் உளி, கொட்டாப்புளி, சுருண்டு கிடக்கும் ஒரு இழைப்புச் சீவல், எல்லாம் இருக்க வேண்டும். அந்தச் சீவல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மோதிரம்போல வளைந்து கிடக்கும். எனக்குப் படத்திலேயே பிடித்த இடம் அதுதான். நான் ஆசை ஆசையாய் வாங்கிவந்த அச்சை ஒரு கடையில் ஃப்ரேம் போடக் கொடுத்தேன். கண்ணாடி அளவுக்குச் சேரவில்லை என்று அடியில் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டார்கள். "வெறும் தரைதானே சார்" என்றார் அந்தப் பையன். அவனை என்ன சொல்ல? அவனும் வேலைக்கு இருக்கிறவன்.

கேள்வி: இதே படம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. மிகப் பழையது. விலை போகுமா? (வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. தெரியும். ஃப்ரேம் தேக்காக இருந்தால் அதற்கு விலை உண்டு.

கேள்வி: 'பரோக்' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன? லூவ்ர் வரை போகாமல் புதுச்சேரியிலேயே பார்க்க வழி உண்டா? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

பதில்: போர்த்துக்கீசிய மொழியில் கோணல் முத்துக்கு ஒரு சொல் உண்டு, அதிலிருந்து வந்தது என்பார்கள். உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் பிதுங்கிய முத்து. பின்னால் வந்த ரசனைக்காரர்கள் 'அளவு மீறிய, கோணல்மாணலான பாணி' என்று திட்டுவதற்காக ஒட்டிய பெயர் அது. திட்டு மறைந்து பெயர் நிலைத்துவிட்டது. சுமாராக 1600 முதல் 1750 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அசைவு, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் சண்டை, பார்க்கிறவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுப்பது. லா தூர் இந்தக் கூட்டத்தில் அமைதியான பிள்ளை. அசைவு அவரிடம் குறைவு, இருட்டு நிறைய.

ஊரில் பார்க்க வேண்டுமென்றால் மிஷன் வீதிக்குப் போங்கள். 1791இல் கட்டி முடித்த சம்பா கோவில், ஜென்மராக்கினி மாதா பேராலயம். ('சம்பா' என்றால் நெல் அல்ல. 'சென் போல்' (புனித பவுல்) என்ற பிரெஞ்சு உச்சரிப்பு நம் வாயில் பட்ட பாடு.) முகப்பில் இரட்டை இரட்டையாகத் தூண்கள் மேலேறிப் போவதைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் வெயில் சாய்வாக விழும், தூணுக்குத் தூண் நிழல் புரியும். பத்து மணிக்கு மேல் ஆட்டோவும் ஸ்கூட்டரும் மட்டும்தான் தெரியும். ரயிலடிப் பக்கம் இருக்கிற இருதய ஆண்டவர் பசிலிக்காவைப் பலர் பரோக் என்று எழுதுகிறார்கள். அது கோதிக் பாணி. கூரான வளைவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிட்டால் புத்தகம் வேண்டாம்.

கேள்வி: என் மகன் எட்டாவது படிக்கிறான், அக்ரிலிக்கில் வரைவான். தானே புயலில் நாங்கள் இருட்டில் இருந்த கதையைக் கேட்டுவிட்டு, மெழுகுவர்த்தியைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு படம் போட்டான். சுடர் என்னவோ மஞ்சள் குண்டு பல்பு மாதிரி இருக்கிறது, வெளிச்சம் யார் மேலும் விழவில்லை. எங்கே தப்பு? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: 2011 டிசம்பர் 30ஐ மறக்க முடியுமா ஐயா! உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் சேர்ந்து வாங்கிய அடி. தெருமுனைக் கடையில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோய், கோயிலுக்கு ஏற்ற வைத்திருந்ததை எடுத்து ஏற்றினோம். அந்த ராத்திரிகளில் லா தூரை நான் பாதி புரிந்துகொண்டேன்.

தம்பியின் தப்பு, சுடரை வரைந்தது. வரைய வேண்டியது சுடர் எதையெல்லாம் தொடுகிறதோ அதை. லா தூரின் இன்னொரு படம் பிரான்சில் ரென் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 'பச்சைக் குழந்தை' என்று பெயர். தாய் மடியில் துணி சுற்றிய சிசு, பக்கத்தில் ஒரு பெண் கையில் மெழுகுவர்த்தி. சுடரே தெரியாது. அவள் கை முழுக்க மறைத்துவிட்டது. ஆனால் குழந்தையின் முகம் விளக்குபோல இருக்கும். சுடரைக் காட்டாமலேயே ராத்திரியைக் காட்டிவிட்டார்.

இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை விரல்களுக்குப் பின்னால் வைக்கட்டும். விரலின் ஓரங்கள் ரத்தச் சிவப்பாகவும் நடுப்பகுதி மங்கலாகவும் தெரியும். இரத்தம் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் வெளியே விடுகிறது. பிறகு ஒரு நிஜ மெழுகுவர்த்தி ஏற்றி, தங்கையோ அம்மாவோ அருகில் உட்காரட்டும். முகத்தில் எது வெளுப்பு, எது ஆரஞ்சு, எது பழுப்பு, எங்கே ஒன்றுமே தெரியவில்லை என்று நாலே நிலையாகப் பிரித்துப் பென்சிலில் குறிக்கட்டும். நாலுக்கு மேல் வேண்டாம்.

வண்ணத்துக்கு வரும்போது கறுப்பு டியூபை நீங்கள் எங்காவது ஒளித்து வையுங்கள். பர்ன்ட் அம்பர் பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். கடைக் கறுப்பு அடித்தால் படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். தாள் முழுக்க முதலில் அந்தப் பழுப்பு இருட்டைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும், அதற்குத் தகுந்தபடி சற்றுத் தூக்கலாகவே போடலாம். சுத்த வெள்ளையைக் கடைசி வரை தொடக்கூடாது. தொட்டால் ஒரே இடத்தில், ஒரே தடவை. படம் முடிந்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திட்டமாட்டேன்.

கேள்வி: புனிதர்களை இவ்வளவு உருக்கமாக வரைந்த லா தூர் பெரிய பக்திமானாகத்தான் இருந்திருக்க வேண்டும், இல்லையா? (வாசகர், வில்லியனூர்)

பதில்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1646இல் அவர் குடியிருந்த லுனேவில் ஊர்க்காரர்கள் மேலிடத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். இந்த ஓவியர் ஏதோ ஊருக்கே ஜமீன்தார் மாதிரி வேட்டை நாய்க்கூட்டம் வைத்துக்கொண்டு, முயல் விரட்டுகிறேன் பேர்வழி என்று விளைந்த பயிரை மிதித்து நாசம் பண்ணுகிறார் என்று புகார். நம் ஊர் கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் படித்தால் வித்தியாசமே தெரியாது.

அவர் காலத்தையும் பார்க்க வேண்டும். லுனேவில் இருக்கிற லொரேன் இன்று பிரான்சின் பகுதி, அப்போது தனிச் சிற்றரசு. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் படைகள் மாறி மாறிச் சூறையாடின. 1638இல் லுனேவிலே எரிந்தது. மறு வருடமே அவர் பிரெஞ்சு மன்னரின் ஓவியர் என்ற பட்டத்தோடு இருக்கிறார், ஆள் கெட்டிக்காரர்தான். பத்துப் பிள்ளைகள் பிறந்து தங்கியது சிலதான். 1652 ஜனவரியில் ஊரில் கொள்ளைநோய். மனைவி போய்ப் பதினைந்து நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆளையே மறந்துவிட்டார்கள். படங்கள் வேறு வேறு ஓவியர் பெயரில் தொங்கின. 1915இல் ஹெர்மன் ஃபோஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் நாந்த் நகரத்தில் இருந்த படங்களைப் பார்த்து, இவை லா தூருடையவை என்று எழுதினார். 1934இல் பாரிசில் ஒரு கண்காட்சி நடந்து பெயர் வெளியே வந்தது. உங்கள் எல்லோர் கடிதத்திலும் வருகிற இந்தச் சூசையப்பர் இங்கிலாந்தில் கிடந்தது. அதைக் கண்டெடுத்த பெர்சி மூர் டர்னர் என்ற ஓவிய வணிகர் 1948இல் லூவ்ருக்குச் சும்மா கொடுத்துவிட்டார். வணிகர் சும்மா கொடுத்தார் என்று எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். முத்தியால்பேட்டைத் தாத்தா அச்சு வாங்கியபோது அசல் லூவ்ருக்கு வந்து அதிக வருடம் ஆகியிருக்காது.

கேள்வி: வாத்தியார் சார், எங்க வீட்டு காலண்டர்லயும் அந்தப் படம் இருக்கு. அந்தப் பையன் வாயைத் திறந்து என்னமோ சொல்ற மாதிரி இருக்கே, என்ன சொல்றான்? (ஆறாம் வகுப்பு மாணவன், குருசுக்குப்பம்)

பதில்: நல்ல கண்ணு தம்பி உனக்கு. பெரியவங்க செபம் சொல்றான்னு சொல்லுவாங்க. எனக்குக் கேக்கிறது வேற. "இன்னும் எவ்ளோ நேரம்ப்பா?"